தொண்ணூற்றிரண்டு சதவீதம்

உலகத்தில் இதுவரை யாருக்குமே தோன்றாத யோசனை ஒன்று தனக்குத் தோன்றிவிட்டதாக நம்புகிறவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பது பேர் இருக்கிறார்கள். அந்த நாற்பது பேரும் காலை பத்து மணிக்குள் கத்திரியின் கணினிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

கத்திரி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்கு முதல் போடுகிற நிறுவனம் அது. நான்காவது மாடி, ஆறு மேசை, தலைவருக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு மூலையை மட்டும் உறையவைத்துவிட்டு மற்றவர்களை வேர்க்கவிடும் ஏசி. பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது அவள்தான். அவளைத் தாண்டித் தலைவரின் அறைக்குப் போவது நூற்றுக்கு இரண்டு. மீதித் தொண்ணூற்றெட்டையும் ஆளுக்கு நாற்பது விநாடியில் நறுக்கித் தள்ளுவாள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்கும் உள்ளூரப் பெருமை.

ஒன்பது வருடம் இதே வேலையாக இருந்ததில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். மனிதகுலத்திடம் மொத்தம் இருப்பது பன்னிரண்டு யோசனை. மற்றதெல்லாம் அதே பன்னிரண்டுக்கு அடித்த புதுப் பெயின்ட். எனவே நம்பர் போட்டுவிட்டாள். மூன்றாம் நம்பர், ஃப்ரிட்ஜில் மிச்சம் கிடப்பதைப் படம் எடுத்து அனுப்பினால் அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று சொல்லும் ஆப். ஐந்தாம் நம்பர், பக்கத்து வீட்டு ஏணியை வாடகைக்கு வாங்கித் தரும் ஆப். ஏழாம் நம்பர்தான் ராஜா. நண்பர்கள் நாலு பேர் எங்கே, எப்போது சந்திப்பது என்று முடிவு செய்ய உதவும் ஆப். வாரத்துக்கு ஏழெட்டு வந்துவிடும். ஒவ்வொன்றிலும் முதல் வரி ஒன்றேதான்: "இதை இதுவரை யாரும் செய்யவில்லை." செய்தவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டதால் அப்படித் தெரிகிறது என்று ஒருநாள் பதில் எழுத நினைத்து, வேலை போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

ஏழாம் நம்பரைப் பிடிக்காதவர்களே கிடையாது. சொன்னால் எல்லாரும், "ஐயோ, இதத்தான் தேடிட்டிருந்தேன்" என்பார்கள். உடனே போனில் இறக்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். நண்பர்கள் சந்திக்காமல் இருப்பது ஆப் இல்லாமல் அல்ல, கிளம்பச் சோம்பல்பட்டு.

இவ்வளவு வக்கணை பேசுகிறவள் ஒரு காலத்தில் மூன்றாம் நம்பராக இருந்தவள்தான். பத்து வருடத்துக்கு முன்னால் பதினோரு மாதத்தையும் கையிலிருந்த சேமிப்பையும் அதில் கொட்டினாள். பத்தொன்பது பேர் பயன்படுத்தினார்கள். அதில் நான்கு பேர் அவளே. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அது ஒரு அனுபவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள்.

அன்று திங்கட்கிழமை. இருபத்தாறாவது விண்ணப்பத்தைத் திறந்தாள். ஆப்பின் பெயர் 'சந்திப்போமா'. ஏழாம் நம்பர். விரல் தானாக நிராகரிப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. போன விரல் அங்கேயே நின்றது. விண்ணப்பதாரர் இடத்தில் அவள் தம்பியின் பெயர் இருந்தது.

தம்பி இப்படி ஒரு கிறுக்கில் இறங்கியிருப்பது அவளுக்குத் தெரியும். தன் அலுவலகத்திலேயே வந்து நிற்பான் என்பதுதான் தெரியாது. அவன் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் நிரல் எழுதுகிறவன். பதினோராம் மாடிப் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் பதினோராம் மாடியில்தான் நிற்கும் என்பதற்கு அவன் பொறுப்பு. நல்ல வேலை. அதில் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஆப்பைச் செய்துகொண்டிருந்தான். விடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை காலை போய் நாற்காலியில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி வேறொருவனுக்கு.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் கையை எடுத்துவிட்டுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போனாள். போவதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ஆப்பை இறக்கியவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். நாலு மாதம் கழித்தும் அதைத் தினந்தோறும் திறக்கிறவர்கள் நூற்று முப்பத்திரண்டு பேர். தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

இந்தத் தொழிலில் நூற்றுக்கு இருபது பேர் தினமும் திறந்தாலே ஊரைக் கூட்டிக் கேக் வெட்டுவார்கள். தொண்ணூற்றிரண்டு என்பது மூச்சு விடுவதற்கு மட்டும்தான் வரும். கத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தாள். அதே தொண்ணூற்றிரண்டு. நம் பயல்! நம் வீட்டுப் பயல்! எல்லாரும் விழுந்த குழியில் இவன் கிணறு வெட்டித் தண்ணீர் எடுத்திருக்கிறான். தன்னால் முடியாதது தம்பியால் முடிந்ததில் பொறாமை கொஞ்சமும் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் பெருமை அதை ஏறி மிதித்துவிட்டது. விதியை மறந்தாள். மறந்தாள் என்பதுகூடப் பொய். ஞாபகம் வைத்துக்கொண்டே சொல்லாமல் விட்டாள்.

தலைவர் விண்ணப்பத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர். நீங்களா அனுப்பினீங்க?"

"ஆமா சார்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"ரெண்டாவது பக்கம் பாருங்க சார்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "வியாழக்கிழம காலைல பத்து மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. பணம் போடுகிறவர்களுக்குக் காதல் வருவது இப்படித்தான்.

அவள் படிக்கட்டுக்கு ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், பாஸ் ஆயிட்டடா! வியாழக்கிழம தலைவரே உன்னப் பாக்கணுமாம்."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"சந்தோஷத்துல பேச்சே வரலயா?"

"அப்படியே வச்சுக்கோ" என்றான் தம்பி.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் அவனுக்காகவே உழைத்தாள். வியாழக்கிழமை தலைவர் கேட்கப்போகிற கேள்விகளைத் தானே தயாரித்து, தானே பதிலும் தேடினாள். அவன் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த பதிவுகளை எடுத்து, மக்கள் எந்த நேரத்தில் ஆப்பைத் திறக்கிறார்கள் என்று வரைபடம் போட்டாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் திறப்பார்கள், மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும் என்று எதிர்பார்த்தாள்.

மூன்று கம்பங்கள் வந்தன. மாலை ஆறு பத்துக்கு நாற்பத்து நாலு பேர். ஆறு இருபதுக்கு நாற்பத்து நாலு பேர். ஆறு முப்பதுக்கு நாற்பத்து நாலு பேர். மற்ற நேரமெல்லாம் பொட்டல். போன வாரமும் அப்படி, அதற்கு முந்தின வாரமும் அப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்து நிமிட இடைவெளி பதினைந்து நிமிடமாகியிருந்தது.

அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாள். எல்லாரும் 'வர்றேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு மூடுகிறார்கள். நாலு மாதத்தில் பதினையாயிரம் தடவைக்கு மேல் 'வர்றேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் எங்கேயும் போனதாகத் தெரியவில்லை.

நாற்பத்து நாலு என்பது ஒரு பஸ்ஸில் இருக்கிற இருக்கைகளின் எண்ணிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் அவள் அம்மா முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஆறு அடித்துப் பத்து நிமிடம். கதவு சாத்தியிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் முன்னால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரிலிருந்து இறக்கிவைத்த கடிகாரம். பக்கத்தில் போன். ஒரு அட்டையில் மூன்று பத்தியாகப் பெயர்கள். மேலே சிவப்புப் பேனாவில் வண்டி ஒன்று, வண்டி இரண்டு, வண்டி மூன்று என்று எழுதியிருந்தது. கண்டக்டர்கள், ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், அத்தை, சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி வரைக்கும் எல்லாரும் ஏற்றப்பட்டிருந்தார்கள்.

அம்மா மகளைப் பார்த்தாள். வாயில் விரலை வைத்து உஷ் காட்டிவிட்டுப் போனில் ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

"ஏன் இன்னும் தொறக்கல?"

"மேடம், பேத்திய குளிப்பாட்டிட்டிருந்தேன்" என்றது ஒரு கிழட்டுக் குரல். ஓய்வு பெற்ற ஓட்டுநர். மலைப்பாதையில் பிரேக் இல்லாத வண்டியை நிறுத்திக் காட்டியவர் என்று பெயர் வாங்கியவர். அவர் குரல் இப்போது கெஞ்சியது.

"ஆறு பதினொண்ணு ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் லேட்."

"இதோ தொறந்துட்டேன் மேடம். மேடம், ஒரு சின்ன விஷயம். நேத்து நம்மாளு ஒருத்தர் 'வர்றேன்'னு அமுக்கிட்டு நெஜமாவே கெளம்பிப் போயிட்டாரு. பூங்காவுல ஒரு மணி நேரம் தனியா உக்காந்திருந்தாராம்."

"போகவேண்டிய அவசியம் இல்லன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க. அமுக்கினா போதும்."

மூன்றாவது வண்டி கிளம்புகிற வரைக்கும் மகளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆறு முப்பத்திரண்டுக்கு அம்மா பேனாவை மூடினாள்.

"என்னம்மா இது?" என்றாள் கத்திரி.

"பாத்தா தெரியலயா?"

"எனக்கு ஏன்மா சொல்லல?"

"நீ உண்மையச் சொல்லிடுவ. அதான் உன்ன குரூப்ல சேக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் கண்டிச்சு வச்சிருந்தேன்." அம்மாவுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "ஆரம்பத்துல பதினொரு பேர்தான் தொறந்தாங்க. மூணாவது வாரம் வந்து உக்காந்தான். தட்டுல சோத்த வச்சுக்கிட்டுக் கிளறிக்கிட்டே இருந்தான். 'எட்டு பேர் ஆயிடுச்சும்மா'ன்னான். அந்த மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன். மறுநாளே வண்டிய எடுத்துட்டேன்."

"அவன் அத நம்பி வேலைய விடப் போறாம்மா!"

"விடட்டுமே. உங்க ஆபீஸ்ல நாளைக்குப் பணம் குடுத்துட்டா வெளியாளுங்க தானா வருவாங்க. அதுவரைக்கும் தள்ளிவிட வேண்டியதுதான். ஸ்டார்ட் ஆகாத வண்டிய நாங்க தள்ளினதே இல்லயா?"

இந்த வண்டியில் என்ஜினே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு.

"என் ஆப்புக்கு ஏம்மா நீ இப்படிச் செய்யல?"

கேட்ட பிறகுதான் தனக்கே தெரிந்தது, இதைக் கேட்கத்தான் படியேறி வந்திருக்கிறோம் என்று. முப்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கேள்வி. கூச்சமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "நீ எங்கடி சொன்ன? எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு, வேற வேல கெடச்சப்புறம், 'அது ஒரு அனுபவம்மா'ன்ன. அப்புறம் நான் யாரத் தள்ளுறது?"

அம்மா கடிகாரத்தைத் திரும்பச் சுவரில் மாட்டப் போனாள். கத்திரி மூக்கைச் சிந்திக்கொண்டு தம்பியின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எப்படிச் சொல்வது? 'உன் தொண்ணூற்றிரண்டும் அம்மாடா' என்று எடுத்த எடுப்பில் போட்டு உடைப்பதா, பெருமைப்படுத்திவிட்டு மெதுவாக இறக்குவதா? அந்நியர்கள் நாற்பது பேருக்கு நாற்பது விநாடியில் சொல்கிற விஷயம், சொந்தத் தம்பிக்குச் சொல்ல அந்த வழி முழுக்கப் போதவில்லை.

தம்பியின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் முழுக்க ஒட்டிய மஞ்சள் சீட்டுகள். நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தண்டனை வாங்கப் போகிறவன் போல அத்தனை நிதானமாகத் தேய்த்தான்.

"உக்காரு. உன் ஆப்பப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"ஆறு பத்து, ஆறு இருபது, ஆறு முப்பது" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமன்னா கால் மணி நேர இடைவெளி."

அவள் வாய் பிளந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"நான் டிப்போ கேன்டீன்ல உக்காந்து ஹோம்வொர்க் எழுதி வளந்தவன்க்கா. அந்த டைம்டேபிள் தெரியாதா எனக்கு? அம்மா ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமாடா எங்க ஆபீஸ்ல வந்து பணம் கேட்ட?"

"பணம் யாரு கேட்டா?" தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தது. "நீ நறுக்குவன்னு நம்பி வந்தேன். ஏழாம் நம்பர்னா நாப்பது செகண்டுன்னு நீதானே ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்ச? நீ நறுக்குவ, ஒரு லெட்டர் வரும், அத அம்மாகிட்ட காட்டி, 'பாரும்மா, பெரிய கம்பெனியே வேணாம்னுட்டான், நான் என் வேலைக்கே போறேன்'னு சொல்லிடலாம்னு இருந்தேன். உலகத்துலயே கண்ண மூடிக்கிட்டு வேணாம்னு சொல்ற ஒரே ஆளு நீதான். உன்னையும் நம்பி வந்தா, பாஸ் போட்டு வச்சிருக்க!"

கத்திரி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். மறுக்கச் சொல்லி வந்தவன் ஒருவன்தான். அவனை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறாள். சிரிப்பு பாதியில் அடங்கிப்போய் அவமானமாக வந்து நின்றது. வேறு யாராவது தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தால் பொய் என்று முதல் விநாடியிலேயே மோப்பம் பிடித்திருப்பாள்.

"அம்மாகிட்ட நீயே நேரா சொல்லியிருக்கலாமேடா, எனக்கு இது வேணாம்னு."

"சொன்னா தான் தள்ளினது பத்தலன்னு நெனப்பாங்க. நாலாவது வண்டி விட்டுடுவாங்க."

அது உண்மைதான். அம்மா ஐந்தாவதும் விடுவாள்.

"அந்த லிஃப்ட் வேல உனக்குப் பிடிக்குமாடா? எனக்காக மழுப்பாத."

தம்பி சட்டையின் கைப்பகுதியைத் தடவினான். "ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர ஏத்துறப்ப, லிஃப்ட் தரையும் மாடித் தரையும் மயிரிழை பிசகாம நிக்கணும்க்கா. கொஞ்சம் ஏறி எறங்கினாலும் படுத்திருக்கறவனுக்கு வலிக்கும். அத எப்படி இன்னும் துல்லியமாக்கலாம்னு இந்த ஆறு மாசமும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஆப்பப் பத்தி யோசிக்கவேண்டிய நேரத்துல எல்லாம் அதத்தான் யோசிச்சேன்."

"அப்புறம் எதுக்குடா இந்த ஏழாம் நம்பர்?"

"எல்லாரும் நல்ல யோசனன்னு சொன்னாங்க. ஒருத்தர்கூட நல்லால்லன்னு சொல்லல." சிரித்தான். "இதுல என்ன கோளாறுன்னு இப்ப தெரியுது. எந்தக் கூட்டத்துலயும் யாராவது ஒருத்தர் கெடந்து அடிச்சுக்கணும். போன் போடணும், திட்டணும், நேரம் பாக்கணும். அப்படி ஒருத்தர் இருந்தா ஆப்பே வேணாம். அப்படி ஒருத்தர் இல்லன்னா எந்த ஆப்பும் ஒண்ணும் கிழிக்காது."

ஒன்பது வருடமாக ஏழாம் நம்பரை நறுக்கியவளுக்கு அதன் நோய் என்னவென்று முதல் தடவையாகப் புரிந்தது. அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கலாம். சோம்பல் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள்தான் அத்தனை வருடமும் சோம்பியிருந்திருக்கிறாள்.

"எனக்கு அந்த லெட்டர் வேணும்க்கா" என்றான் தம்பி. "அம்மா வண்டி விட்டது எனக்குத் தெரியும்னு அதுல ஒரு எழுத்து இருக்கக்கூடாது. அது தெரிஞ்சா அவங்களுக்கு அசிங்கமாயிடும்."

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கத்திரி கண்ணாடி அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தலைவர் நடுவில் குறுக்கிடவில்லை. அது அவளுக்கு இன்னும் கிலியாக இருந்தது.

"சொந்தத் தம்பி" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"தெரிஞ்சேதான் சொல்லல."

"தெரிஞ்சேதான் சார்."

"தொண்ணூத்திரண்டும் உங்க அம்மா."

"ஆமா சார்."

தலைவர் வரைபடத்தின் மூன்று கம்பங்களையும் ஏக்கத்தோடு பார்த்தார். "அவங்களுக்கு என்ன வயசாகுது?"

"அறுபத்து நாலு."

"இங்க வேலைக்கு வருவாங்களா?"

அவள் சிரிக்கலாமா என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பத்து மணிக்குத் தம்பி வரவேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு அவள் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொன்றையும் பக்கத்து மேசைக்காரன் மறுபடி பார்ப்பான் என்று சொல்லிவிட்டுக் கதவைக் காட்டினார். பக்கத்து மேசைக்காரன் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். வேலை போகாததே பெரிய விஷயம்.

அப்புறம் அந்தக் கடிதம். வழக்கமாக அனுப்புவது மூன்று வரி. 'உங்கள் முயற்சி எங்களைக் கவர்ந்தது, எனினும்' என்று தொடங்கும். அந்த 'எனினும்' அம்மாவிடம் செல்லாது. தொண்ணூற்றிரண்டை வைத்துக்கொண்டு எதற்கு எனினும் என்று நேரே அலுவலகத்துக்கே வந்து நிற்பாள். கத்திரி எழுதினாள், அழித்தாள், எழுதினாள். நாற்பது விநாடிக்காரிக்கு அன்று பொழுது முழுக்கப் போயிற்று. அன்றைய நாற்பது பேரும் இன்னும் ஒரு நாள் நம்பிக்கையோடு இருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். கடிகாரம் சுவரிலேயே இருந்தது. அட்டையைக் காணோம். தம்பி போனை எடுத்து, "லெட்டர் வந்திருக்கும்மா" என்று சத்தமாகப் படித்தான். சோகமாகப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தான்.

"'உங்கள் ஆப்பை மக்கள் திறக்கிறார்கள். இப்படித் திறக்கவைப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை எல்லா ஊரிலும் எல்லாக் கூட்டத்துக்காகவும் பட ஆள் கிடைக்காது, எவ்வளவு பணம் போட்டாலும் கிடைக்காது. அதனால் நாங்கள் முதல் போடவில்லை. இதே யோசனையோடு உங்களுக்கு முன்னால் மூவாயிரம் பேர் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை.'"

அந்த இடத்தில் அவன் குரல் நிஜமாகவே உடைந்தது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று தானே கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் ஆறு மாதம் அவன் பெற்று வளர்த்தது அல்லவா? கத்திரி மேசைக்கு அடியில் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

அம்மா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீதியை மனதுக்குள் படித்தாள். மீதி இரண்டு வரிதான். 'உங்களுக்கு நன்றாகச் செய்ய வருகிற ஒரு வேலை இருக்கிறது. அங்கே போங்கள்.' படிக்க நேரம் பிடித்தது. மேலே போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நீ என்னடா சொல்ற?" என்று மகனைக் கேட்டாள்.

"திங்கக்கிழம வேலைக்குப் போறேம்மா."

"மனசார சொல்றியா?"

"மனசார."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறாக மூன்று நிமிடம். எழுந்து தன் போனோடு அடுக்களைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். அவள் ரகசியம் பேசினாலும் இரண்டு தெரு கேட்கும். "எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு வண்டி கிடையாது. நாளைக்கும் கிடையாது. நாலு மாசம் ஒருத்தர் பாக்கி இல்லாம ஒத்துழச்சீங்க. ரொம்ப நன்றி." முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு வண்டியையும் ரத்து செய்ததில்லை. தம்பி குனிந்து, கழலாத சட்டைப் பொத்தானை மும்முரமாகச் சரிசெய்தான். கத்திரி சுவரைப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. மகனின் தலையை ஒரு தடவை தடவினாள். பிறகு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து அவளையே பார்த்தாள். கத்திரிக்குப் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் எண்பதாயிரம் பேருக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். வாங்கிக்கொண்ட முகத்தை எதிரே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஆபீஸ் லெட்டர்ல 'அங்கே போங்கள்'னு எழுதுவாங்களா?" என்றாள் அம்மா.

"சில பேர் எழுதுவாங்கம்மா."

"உங்க ஆபீஸ்ல இத எழுதினவ இருக்காளே, அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. அவ எழுதினது சரிதான்."

"சொல்றேம்மா."

"ஆனா எம் புள்ளைய வேணாம்னு எழுதின கை அது. ஒரு வாரத்துக்கு நான் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன். அதையும் சொல்லிடு."

"சொல்லிடறேம்மா" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்றிலிருந்து ஒரு வாரம் கணக்கு.